ஊர் பேர்க் கோப்பு

டோர்ஷாவ்ன். ஜனவரி. ஒன்பது மணிக்கும் ஜன்னல் கறுப்பு.
மீன் கம்பெனிக் கணக்கன் ஹெய்னியின் வன்தட்டு
முத்திரையிட்ட உறையில் வந்திருக்கிறது.
எழுதவிடாத பெட்டி வழியாக மாட்டுகிறேன்.
பார்க்கலாம். ஒரு தூசியைக்கூட நகர்த்த முடியாது.

குப்பைத்தொட்டிப் படத்தை நம்பாதீர்கள்.
உள்ளே எதுவும் கசங்குவதில்லை.
அழித்த ஒவ்வொன்றும் இரண்டாகிறது,
டாலர் குறியும் ஆறெழுத்து உளறலும் முகமூடியாய்.
ஒன்றில் ஊர் பேர்:
எங்கே இருந்தது, என்னவென்று அழைத்தார்கள், எத்தனை பைட்,
எந்த நொடியில் தள்ளினார்கள்.
மற்றதில் உடம்பு. ஒரு காற்புள்ளி குறையாது.

நேரம் கிரீனிச்சில் இருக்கும்.
குளிர்காலத்தில் எங்கள் கடிகாரமும் அதுவே,
கூட்டல் கழித்தல் இல்லை.
அதிகாலை இரண்டு பதினான்கு: அக்டோபர் பிடிப்பு அட்டவணை.
பதினைந்து: நவம்பர்.
பதினைந்து: டிசம்பர்.
ஆணை கேட்டது இவ்வளவுதான். மீன்.

ஆனால் மேலே, அதே பட்டியலில்,
'கடிதம்'. பதினொரு முறை.
அதன் உடம்பைத் திறக்க எனக்கு அனுமதியில்லை.
ஊர் பேரை மட்டும் படித்தேன்.
நவம்பர் நான்கில் மூவாயிரத்துச் சொச்சம் பைட்.
பிறகு இரண்டாயிரம். தொள்ளாயிரம்.
நத்தாருக்கு முன்னால் இருநூற்றுப் பத்து.
கடைசியாக, அட்டவணைகளுக்கு இரண்டே நிமிடம் முன்பு,
பதினான்கு.

பதினான்கு பைட்டில் என்ன சொல்ல முடியும்?
எங்கள் மொழியின் விசேஷ எழுத்துகள் இரண்டிரண்டு தின்னும்.
விரல் விட்டு எண்ணினேன்.
'அன்புள்ள சிமுன்' என்று முதலாளியை விளித்து
ஒரு காற்புள்ளி வைத்தால்
சரியாகப் பதினான்கு.
வேறு ஆயிரம் சொற்களும் பதினான்காகும், தெரியும்.

'காலி செய்' என்றொரு சொடுக்கு உண்டு.
அதுவும் பதிவேட்டில் பேரைத்தான் அடிக்கும்;
அந்த இடத்தில் இன்னொருவர் குடிவரும்வரை
உடம்பு பேரில்லாமல் கிடக்கும்.
ஹெய்னி அந்தச் சொடுக்கைச் செய்யவில்லை.
இருபது வருடம் கணினியில் கணக்கு எழுதியவன்.

மறதியா என்று வக்கீல் கேட்பார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பதினேழாவது வரி: உரைக்கோப்பு, பதினொன்று, திறக்கவில்லை.
தேநீர் ஆறிவிட்டது.
நீதிபதிக்குக் கூடுதல் அனுமதி கேட்டு
ஒரு மனு தொடங்கினேன்,
பேர் வைத்துச் சேமித்தேன்.