கூப்பிடு தூரம்

வரைபடத்தில் நான் முதலில் தேடுவது
மலையை அல்ல, மலையின் நிழலை.
வெயில் விழாத இடமல்ல அது,
அலை விழாத இடம்.
துஷேத்தியில் அது தாராளமாக இருக்கிறது.

எண்ணூறு மெகாஹெர்ட்ஸ் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்,
பாறையின் தோளைத் தொட்டு
அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.
அதற்கு மேலுள்ள அலைவரிசைகள் வீராப்புக்காரர்கள்.
நேராகப் போய் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.
ஆண்டெனாவை இரண்டு டிகிரி குனிய வைத்தால்
கிவர்தி கிடைக்கிறது, ஓச்சூரி போய்விடுகிறது.
ஒரு டிகிரி நிமிர்த்தினால் இரண்டுமே அரைகுறை;
ஆற்றுக்கு மேலே வெறும் காற்றுக்குத்தான்
முழுதாகக் கிடைக்கிறது.

ஜூம்பேர் சொன்னான்:
மூளையைக் கீழே வைத்துவிடு மக்வாலா,
மலைமேல் காதும் வாயும் போதும்.
அல்வானியில் ஒரே அறை, ஒரே ஏசி, ஒரே சாவி.
பழுதென்றால் அபானோ கணவாயில்
ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க
ஜீப்பில் ஏற வேண்டாம்.
அவன் சொன்னது சரி. செலவுக் கணக்கிலும் சரி.

தாளில் கோடு இழுத்துப் பார்த்தேன்.
கிவர்தியிலிருந்து ஓச்சூரி கூப்பிடு தூரம்.
நடுவில் பள்ளம் என்பதால் நடந்தால் அரைநாள்.
ஜூம்பேரின் படத்தில்
இமேதா ஒரு தும்மல் போட்டால்
அது கணவாய் ஏறி, நான்கு மைக்ரோவேவ் தட்டுகள் தாண்டி,
அல்வானி இறங்கி, ஃபைபரில் திபிலிசி போய்,
யார் நீ என்று விசாரிக்கப்பட்டு,
வந்த வழியே மறுபடி மூச்சுவாங்க ஏறி
எதிர்ச்சரிவில் குவ்திசோவின் காதில் விழும்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.
கணவாயில் ஒரு தட்டில் பனி அப்பிக்கொண்டால்
மூக்கும் இல்லை, கையும் இல்லை.

குளிர்காலப் பயனர்கள் என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டிருந்தது.
அக்டோபரில் ஆடுகள் இறங்கும், ஆடுகளோடு ஊரும்.
ஆனால் சோலார் பலகைக்கு இடம் அளக்க
நவம்பரில் போனபோது
இரண்டு புகை பார்த்தேன்.
இரண்டு என்று திருத்தினேன்.
இரண்டு பேருக்காகவா, என்றான் ஜூம்பேர்.
கேலி இல்லை,
பேட்டரி விலையை நினைத்துக் கேட்டான்.

கோபுரத்தின் அடியில்
பாலாடைக்கட்டி மூட்டை அளவுப் பெட்டியில்
சின்ன மூளை ஒன்று வைத்தேன்.
கீழே தொடர்பு இருக்கும்வரை
பணிவாகக் கேட்டு நடக்கும்.
அறுந்தால் தானே முடிவெடுக்கும்:
இவனையும் தெரியும், அவனையும் தெரியும்,
பேசுங்கள்.
இரவில் ஓர் அலைவரிசை மட்டும் விழித்திருக்கும்.
மைனஸ் இருபத்தாறில் பேட்டரி
கிழட்டுக் கழுதை, அடித்தாலும் நகராது.
அதற்கும் ஒரு கம்பளி போர்த்தினேன்.

எல்லாம் முடிந்தபின்
அல்வானியில் ரொட்டி விற்கும் ஸியூரி சொன்னாள்:
அவர்கள் இரண்டு பேருமா?
பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறதே.
மேய்ச்சல் எல்லை. அப்புறம் ஒரு நாயின் சாவு.

ஜனவரி பதினேழு, கணவாயில் தட்டு போயிற்று.
என் திரையில் இரண்டு ஊரும் சாம்பல் நிறம்.
முப்பத்தொரு நாள்.
உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை,
அப்படித்தான் நானே வரைந்திருந்தேன்.

ஹெலிகாப்டர் புதுத் தட்டைக் கொண்டுபோன அன்று
பெட்டி தன் பதிவேட்டை ஒரே மூச்சில் ஒப்பித்தது.
வெப்பநிலை, மின்னழுத்தம்.
வெப்பநிலை, மின்னழுத்தம்.
பிப்ரவரி ஒன்பது, பின்னிரவு மூன்று நாற்பது:
ஓச்சூரியிலிருந்து கிவர்திக்கு ஓர் அழைப்பு.
பதினோரு விநாடி மணி அடித்தது.
எடுக்கவில்லை.
மூன்று நாற்பத்திரண்டு:
கிவர்தியிலிருந்து ஓச்சூரிக்கு.
நான்கு விநாடி. துண்டிப்பு.

ஒரு மிஸ்டு கால்,
பதிலுக்கு ஒரு மிஸ்டு கால்.

அறிக்கையில் பேச்சு நேரம்
எவ்வளவு போட, என்றான் ஜூம்பேர்.
பூஜ்யம், என்றேன்.
பேட்டரியில் அறுபத்து மூன்று சதவீதம்
மிச்சம் இருந்தது.
அதையும் எழுதச் சொன்னேன்.