மிச்சம் பதினோரு நிமிடம்

சோஹார் துறைமுகச் சாலையில்
மூன்றாவது கேம்ப், ஒன்பதாம் அறை.
கட்டிலுக்குக் கட்டில் இழுத்துக் கட்டிய கைலிமேல்
படம் ஓடியது.
நீலக் கட்டம் போட்ட கைலி,
அதனால் பாதிரியார் முகத்திலும் கட்டங்கள்.

சம்பளம் வந்து ஐந்து மாதம்.
என் கட்டிலுக்கடியில்
பன்னிரண்டு எம்எம் கம்பி, முழ நீளத்தில் ஏழு துண்டு.
சைட்டிலிருந்து நானே அறுத்துக் கொண்டுவந்தது.
காலையில் குரியாக்கோஸ் வண்டியை விட்டு இறங்கும்போது
என்பதுவரை பேசி வைத்திருந்தோம்.
அதற்கப்பால் யாரும் பேசவில்லை.

கித்தேரியான்தான் படம் போட்டான்.
மணப்பாட்டுக்காரன்.
"தவக்காலம்டே பலவேசம்,
ஒரு படம் பாத்துட்டுப் போய் அடிங்க."

மட்டமான டப்பிங்.
காட்டுத் தலைவனுக்கும் குதிரை வீரனுக்கும்
ஒரே ஆள் குரல்.
ஆற்றங்கரையில் மூங்கில் கோயில்,
மூன்று பாதிரிமார், ஒருவருக்கு ஓயாத இருமல்.
அந்த ஜனங்களின் பாஷையில்
மன்னிப்புக்குச் சொல் கிடையாதாம்.
இருமல்காரர் ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடி
'சுமையை இறக்கு' என்று சொல்லிக்கொடுக்கிறார்.
என்ன சொன்னார் என்று தில்பகதூர் கேட்டான்.
குத்தூஸ் இந்தியில் சொன்னான்: போஜ் உதார்.
தில்பகதூர் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன்.
சிரித்தான்.

குதிரைகள் வருகின்றன.
பையன்கள் நாணேற்றுகிறார்கள்.
இருமல்காரர் அம்புகளையெல்லாம் வாங்கி
ஒவ்வொன்றாக முறித்து
அடுப்பில் வைக்கிறார்.
கஞ்சி கொதிக்கிறது.
வருகிறவர்களும் பசியோடுதானே வருவார்கள் என்கிறார்.
போய், தாழ்ப்பாளை நீக்குகிறார்

கரண்ட் போனது.
கம்பெனி பில் கட்டவில்லையென்று பிறகு தெரிந்தது.
இருட்டில் பதினாலு பேர் மூச்சு,
மத்தி மீன் வாடை.

"அப்புறம்?" என்றேன்.
அவன் முன்பே பார்த்த படம்.
கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான்.
"உள்ள வாரான். கஞ்சிச் சட்டியப் பாக்கான்.
ஒருத்தன் துப்பாக்கிய செவத்துல சாத்துறான்.
பொறவு எல்லாரும் உக்காந்து குடிக்கான்.
அவ்ளோதான் படம்."
"யாரும் சாகலியா?"
"யாரும் சாகல."

விடிந்ததும் கேட் வாசலில் உட்கார்ந்தோம்,
வெறுங்கையோடு.
குரியாக்கோஸ் இறங்கினார்.
வெள்ளிக்கிழமைப் பூசையில் முதல் வரிசை ஆள்.
கித்தேரியான் எழுந்து
பிளாஸ்கிலிருந்து சுலைமானி ஊற்றி நீட்டினான்.
அவர் வாங்கவில்லை.
தட்டிவிடவும் இல்லை.
ஆறிப்போகும்வரை
நீட்டிக்கொண்டே நின்றான், கிறுக்கன்.

ஆறாம் நாள் லேபர் ஆபீஸிலிருந்து வந்தார்கள்.
மூன்று மாதச் சம்பளம் கிடைத்தது.
முதலில் உட்கார்ந்தது யார் என்று கம்பெனி கேட்டது.
"நான்" என்றான்.
நாங்கள் பதிமூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.
சேவல் கூவவில்லை.
இங்கே எங்களுக்குத் தெரிந்த கோழியெல்லாம் ஃப்ரீசரில்தான்.

அவனை விசா ரத்துசெய்து அனுப்பினார்கள்.
மிச்ச இரண்டு மாதம் அவனுக்கும் வரவில்லை,
எங்களுக்கும் வரவில்லை.
பென்டிரைவை என் தலையணையடியில் வைத்துப் போயிருந்தான்.

நோன்பு மாதத்து ராத்திரி ஒன்றில்
மிச்சப் படத்தைப் பார்த்தேன்.
பதினோரு நிமிடம்.
இருமல்காரர் நாலாவது நிமிடத்தில் செத்துப்போகிறார்.
மற்ற இருவரும் அதற்குமுன்பே.
சட்டி கவிழ்ந்து
கஞ்சி ஓடி அடுப்பை அணைக்கிறது.
பிள்ளைகள் பின்வாசல் வழியே ஆற்றில் இறங்குகிறார்கள்.
அவர்கள் கரையேறியதைக் காட்டவில்லை.
கடைசியில் ஒருவன் மட்டும் துப்பாக்கியைச் சுவரில் சாத்தி
வாசலில் உட்கார்கிறான்.
அழுகிறானா, இளைப்பாறுகிறானா,
நானும் நாலு தரம் பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அவன் கட்டில் தலைமாட்டில்
பத்துக் கட்டளை அட்டை இன்னும் இருக்கிறது.
எட்டாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே.
அதன்மேல் பசைக்கறை.

கம்பி ஏழும் கட்டிலுக்கடியில் துருப்பிடிக்கின்றன.
திருப்பிக் கொடுக்க வெட்கம்.

மணப்பாட்டுக்குப் போன் போட்டேன்.
கடலுக்குப் போயிருப்பதாக அவன் பெண்சாதி சொன்னாள்.
வந்தால் என்ன சொல்ல என்றாள்.
படத்தைப் பார்த்து முடித்துவிட்டேன்
என்று சொல்லச் சொன்னேன்.