துரு எங்கே ஆரம்பிக்கும்

கைகட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
எடுத்தேன்.
படத்தில் யாரோ ஒரு மேனேஜர்.

'ஆற்றல்மிக்க' என்று தொடங்கி
மூன்று ராத்திரி எழுதி அழித்தேன்.
செக்காலை ரோட்டில் கடைசி பஸ்ஸும் போயிருந்தது.

பதினெட்டு வருஷமாக
அடுத்தவர் அறிக்கையில் அடிக்குறிப்பு நான்:
உதவி, மெய். அடைக்கம்மை.

நேற்று
மாடிக் கைப்பிடியில் ஒரு போல்ட்டை வைத்து
வெயிலோடு படம் பிடித்தேன்.
கீழே எழுதினேன்:
பெயிண்டுக்கு அடியில் துரு எங்கே ஆரம்பிக்கும்,
எனக்குத் தெரியும். கேளுங்கள்.

போட்டதும் போனைக் கவிழ்த்து
அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளினேன்.

காலையில் ஒரே ஒரு செய்தி.
தூத்துக்குடி உப்பளத்துக்காரர்.
"மேடம், எங்க பம்பு இப்படி ஆயிருச்சு.
பேசியே அனுப்புங்க, படிக்க நேரமில்ல."

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
இரண்டு தடவை.