இரவுப் பார்வை

டொஃபி என்ற ஃபிரேம்வேர்க்கில்
எட்டு வருட அனுபவம் வேண்டுமாம்.
டொஃபிக்கு வயது இரண்டரை.
இன்னும் பேச்சுத் திருந்தவில்லை.
பிழை என்று மட்டும் சொல்லும்.
எந்த வரியில் என்று கேட்டால்
திரை முழுக்கச் சிவப்பாய் அழும்.

கொட்டாஞ்சேனையில் 155 ஏறி
ஒற்றைக் கையில் தொங்கியபடி
விளம்பரத்தை மறுபடி வாசித்தேன்.
வயது இருபத்தாறுக்கு மேற்படாமல்.
அப்படியானால் பதினெட்டில் தொடங்கியிருக்க வேண்டும்.
பதினெட்டில் நான் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினேன்.
இரசாயனவியலில் தோற்றேன்.
ஓரெழுத்துத்தான் குறைவு.
ஓரெழுத்துக் குறைந்தால் என்ன ஆகுமென்று
அன்றைக்கே படித்துவிட்டேன்,
அதை அனுபவத்தில் சேர்க்கலாமா?

மின்வெட்டுக் காலத்தையும் சேர்க்க வேண்டும்.
பதின்மூன்று மணிநேரம் இருட்டு,
பழைய லப்டொப்பின் பற்றரி நாற்பது நிமிடம்.
நாற்பது நிமிடத்துக்குள் பிழையைப் பிடிக்காவிட்டால்
அது என்னோடு படுத்து என்னோடு எழும்பும்.
அந்த ஒரு வருடத்தை
இரண்டாகப் போட்டால் கூட நட்டம் எனக்குத்தான்.

எல்லாம் கூட்டியும் ஐந்தைத் தாண்டவில்லை.
டவுன்ஹோல் தாண்டியபோது
நடத்துநர் மிச்சக் காசு தர மறந்தார்.
நானும் கேட்கவில்லை,
கணக்கில் இருந்தேன்.

ஆனால் விளம்பரத்தின் கடைசி வரி
எனக்குப் பிடித்திருந்தது:
'இரவில் நல்ல கண்பார்வை அவசியம்.'
இந்தத் தொழிலைப் பற்றி
இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதியதில்லை.

பம்பலப்பிட்டியில் ஐந்தாம் மாடி,
குளிரூட்டியின் கீழ் இஃப்ஹாம்.
டொஃபியில் அவருக்கே ஒன்றரை வருடம்.
"எட்டு இருக்கா?" என்றார்.
"உங்கள் கம்பனிக்கு எத்தனை வயது?" என்றேன்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்து
ஒரு கையோடு நிறுத்திக்கொண்டார்.
பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அவர்தான் சொன்னார்.
அவசரத்தில் பழைய விளம்பரம் ஒன்றைக் கொப்பி பண்ணினார்களாம்,
தலைப்பை மட்டும் மாற்றினார்களாம்.
பழையது, வேன் சாரதிக்கானது.
எட்டு வருடமும் அவருடையது,
இரவுப் பார்வையும் அவருடையது.
அந்த வேலைக்கு வந்த நிமல்சிறியிடமும் எட்டு இருக்கவில்லை.
"வேனுக்கே அஞ்சு வருஷம்தானே, சேர்" என்று கேட்டாராம்,
அதோடு எடுத்துவிட்டார்களாம்.

இப்போது இரவு இரண்டு மணி.
சர்வர் விழுந்து மூன்று மணிநேரம்.
கடலோரத் தண்டவாளத்தில் ஓசையே இல்லை.
கீழே வேனுக்குள் இருக்கையைச் சாய்த்து நிமல்சிறி,
என்னைக் கொட்டாஞ்சேனையில் இறக்காமல்
அவருக்கும் வீடில்லை.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு நடுவில்
வராமல் போன ஒரு கமாவை
இந்தா, கண்டுபிடித்தேன்.
கண் நன்றாகத்தான் இருக்கிறது.

போன கிழமை டொஃபியை மூடிவிட்டார்கள்.
மூன்றரை வயதில் போய்விட்டது பாவம்.
அதன் இடத்துக்கு வந்தது
வெசாக் கழிந்து பிறந்த குழந்தை.
அதற்கு ஆள் தேடும் விளம்பரம்
சரிபார்க்க என்னிடம் வந்தது.
பன்னிரண்டு வருடம் என்றிருந்தது. அழித்தேன்.
'இந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது' என்றது படிவம்.
பூச்சியம் போட்டேன்.
'சரியான எண் தருக.'
பாதி என்று போட்டுப் பார்த்தேன்,
அதுவே பன்னிரண்டுக்குத் திரும்பிப் போனது.

படிவத்தை எழுதியவர் யாரென்று தேடினேன்.
நான்தான்.
சேர்ந்த முதல் மாதம், அனுபவமில்லாத காலம்.

காலையில் திருத்திவிட்டேன், இப்போது பூச்சியத்தையும் ஏற்கும்.
விளம்பரத்தின் கடைசி வரியை மட்டும்
அப்படியே விட்டுவிட்டேன்.