டோக்கன் 214

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நோவோசிபிர்ஸ்க் அரங்கின் கீழ்த்தளத்தில்
மேலங்கி வாங்கி மாட்டும் வேலை எனக்கு.

கை எடை சொல்லிவிடும்:
இது நரி, இது மிங்க்,
இது என்னுடையதைப் போலப் பஞ்சு திணித்த பாலியஸ்டர்.

மிங்க் கோட்டு ஒன்றுக்கு ஐம்பது உயிராம்,
அடுத்த கவுன்ட்டர் அக்லாயா சொன்னாள்.
அவள் பூட்ஸ் கன்றுத்தோல். நான் கேட்கவில்லை.
ஆனால் அன்றிலிருந்து
கொக்கியில் மாட்டும்போது எண்ணத் தொடங்குகிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று...
ஏழைத் தாண்டுவதில்லை. வரிசை நீளம்.

இரண்டாம் அங்கத்தில் யாரும் வரமாட்டார்கள்.
கதவிடுக்கில் காற்று ஊசியாய் இறங்கும்.
விரல் விறைத்துப்போனால் 214-இன் கைக்குள்
என் கையை நுழைத்துக்கொள்வேன்.
கதகதப்பு.
அந்த அம்மாள் விட்டுப்போனதா,
அவளுக்கு முன்னால் அதை உடுத்தியிருந்தவை விட்டுப்போனதா?
கையை வெளியே எடுக்கத்தான் மனம் வருவதில்லை.

திரை விழுந்தது. கைதட்டல்.
214 முதுகைக் காட்டி நிற்கிறாள், நான் போர்த்திவிட.
அவசரத்தில் ரோமத்தை எதிர்ப்பக்கமாய்த் தடவிவிட்டேன்.
ஒரு நொடி
முதுகு முழுக்கச் சிலிர்த்து நின்றது,
பின்னால் யாரோ வருவது தெரிந்ததுபோல.

ஐம்பது ரூபிள் நீட்டினாள்.
தலைக்கு ஒரு ரூபிள்.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், சூடான கையால்.