மூன்றாம் வேற்றுமை

நொவீனாவில் ஏழாம் தளம், மதிய வகுப்பு.
ஆறிப்போன பீஹூன் பொட்டலங்களோடு பதினொரு பேர்.
இருவர் இரவுப் பணி முடித்து இன்னும் தூங்காதவர்கள்.
டாக்டர் குவெக் ஒரு மரணச் சான்றிதழைத் திரையில் போட்டார்.
காரணம்: இதயம் நின்றது.
"யாருக்குத்தான் நிற்கவில்லை?" என்றார்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
போன வாரம் அதை நிரப்பியவள் நான்.
பெயரை மறைத்திருந்தார்,
வார்டு எண்ணை மறைக்க மறந்திருந்தார்.

முதல் வரியில் கடைசியாக நடந்தது.
அடுத்த வரியில், அது எதனால்.
அதற்கும் கீழே, அது எதனால்.
அடியில் கிடப்பதைத்தான் நாடு எண்ணும்.

உயர்நிலை இரண்டில் எனக்கு மதிப்பெண் குறைத்த
ஆல் உருபு,
வாளால் வெட்டினான் தாண்டி
இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறது.

நம் மொழியில் யாரும் லேசில் சாவதில்லை.
காலமாகிறார்கள்,
இயற்கை எய்துகிறார்கள்,
மண்ணை விட்டு மறைகிறார்கள்.
ஒன்றுகூட அந்தக் கட்டத்துக்குள் நுழையாது.

அதிகாலை நாலு பத்து.
ராபியத்தும்மாள், ஐம்பத்தெட்டு.
லுஹருக்குமுன் சுவா சூ காங்கில் அடக்கம்.
மகன் கதவோரம், பச்சை டெலிவரிச் சட்டையில்.
'இதயம்' என்று விரல் தானாக அடித்தது.
அழித்தேன்.
ரத்தத்தில் கிருமி.
எதனால்?
இடது பாதம் அழுகியதால்.
எதனால்?
பத்தொன்பது வருடச் சர்க்கரையால்.

"கிளினிக் தேதிய ரெண்டு தடவ மாத்துனது
நாந்தான் டாக்டர். ஓட்டம் இருந்துச்சு.
உம்மாவும் பரவாயில்லன்னுதான் சொன்னாங்க."
தலைக்கவசத்தை வேறு கைக்கு மாற்றினான்.
"என்னாலயா?"

திரையைப் பார்த்தேன்.
ஆள் பெயர் கேட்கும் வரி எங்கும் இல்லை.
இல்லை, என்றேன்.
அது துல்லியமான பதிலா, தெரியாது.
இறந்தவருக்குத்தான் வகுப்பு நடந்தது,
நிற்பவருக்கு நடக்கவில்லை.

நாலு முப்பத்தொன்றுக்குச் சமர்ப்பித்தேன்.
அவன் நன்றி சொல்லிவிட்டு மின்தூக்கியை விட்டு
படிக்கட்டில் இறங்கிப் போனான்.

பிறகு, யாரும் கேட்காமலே,
போன வாரத்து மனிதரின் குறிப்புகளைத் திறந்தேன்.
இரும்பு வியாபாரி. மீன் சூப்பைத் திருப்பி அனுப்பியவர்.
நாற்பது பக்கம்.
அவருடைய எதனால்
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.