எட்டுக் கட்டங்கள்

"விபத்து நடந்த திகதி?" என்கிறார் மிஸ்.
படிவத்தில் எட்டுச் சின்னக் கட்டங்கள்.

தெரிந்ததைச் சொல்லிப் பார்க்கிறேன்.
சட்டைக் கொளுக்கியைப் பின்னால் மாட்ட முடியாமல்
மூத்தவளைக் கூப்பிட்டது
கோணேசர் நகர்வலத்துக்கு முதல்நாள்.
கொடிக்கயிற்றை இறக்கிக் கட்டியது எப்போதென்று
ஞாபகமில்லை.

நிலாவெளி உப்பளத்தில் பதினேழு வருஷம்
வாரிப்பலகை இழுத்தேன்.
நான் விழவில்லை,
என்மேல் எதுவும் விழவுமில்லை.
தோள்மூட்டுப் படத்தைப் பார்த்து
டொக்டர் எழுதினார்: தேய்மானம்.
கொம்பனி எழுதியது: வயசு.
எனக்கு நாற்பத்து நாலு.

"ஏதாவதொரு நாளைப் போடுங்கோ பரிபூரணம் அக்கா,
வெறுமையா விட்டால் திருப்பி அனுப்பிடுவாங்கள்."

பாத்தியில் நின்ற தண்ணி
எந்தத் திகதியில் உப்பானது மிஸ்?
கேட்கவில்லை.
பாவம், அவவுக்கு இன்னும் பதினொரு பேர் வாங்கில்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த டோக்கனைச்
சப்பிக்கொண்டு நிற்கிறது.

இடக்கையால் பேனையை வாங்கி
மெதுவாக, கோணலாக, எட்டையும் நிரப்புகிறேன்.

மிஸ் ஃபைலைப் புரட்டிப் பார்க்கிறார்.
"அக்கா, இது நீங்கள் வேலைக்குச் சேர்ந்த திகதி."

ஓம்.